அந்த ரெஸ்யூமேயை அப்படியே அனுப்புங்கள், தம்பி

டொராண்டோ வந்து ஐந்து மாதம் ஆகிறது, திருச்சியில் எட்டு வருடம் கணக்கு வேலை பார்த்தேன், இங்கே இதுவரை ஆறு இடத்துக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறேன், ரெஸ்யூமே சரியாக அமைந்த பிறகு அனுப்பட்டுமா, இல்லை முதலில் சிபிஏ (கனடாவின் கணக்காளர் தகுதி) படித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறு என்றதும் சிரித்துவிட்டேன் தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். 2011-இல் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையில் உட்கார்ந்து எக்ஸெலில் கம்பெனிப் பட்டியல் போட்டவன் நான். பெயர், முகவரி, அங்கே போக எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதற்குக்கூட ஒரு கட்டம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் வேறு. நூற்று நாற்பது வரிசை. மூன்று மாதத்தில் அதிலிருந்து விண்ணப்பம் போனது நாலே கம்பெனிக்கு. ஊரிலிருந்து அம்மா கேட்டால் "தேடிக்கிட்டே இருக்கேன்" என்பேன். அது பொய் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நாலில் ஒன்று ஒரு சின்னக் கணக்கு அலுவலகம். "எச்எஸ்டி ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்களா?" என்றார்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்த 13 சதவீத விற்பனை வரி 2010 ஜூலையில்தான் வந்திருந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பும் வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது: ஊரில் வாட் கணக்கில் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழிப்போமே, அதே சங்கதி! இரண்டு வாரம் கழித்து வேறொரு இடத்தில் அதே கேள்வி வந்தது. பதில் சொன்னேன், வேலையும் கிடைத்தது. அந்த இடம் என் பட்டியலிலேயே இல்லை.

ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, கல்யாண விவரம், அப்பா பெயர் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம். அவ்வளவுதான், மூடிவிடுங்கள். சிபிஏ நல்லதுதான், ஆனால் அதற்கு வருடக்கணக்கில் ஆகும். புக்கீப்பிங், அக்கவுன்ட்ஸ் பேயபிள் (கம்பெனி கட்ட வேண்டிய பில்களைப் பார்ப்பது) மாதிரி வேலைக்கு அது தேவையில்லை, சம்பளம் வந்துகொண்டே படிக்கலாம். தனிநபர் வரிக்கணக்குக்கு ஏப்ரல் 30 கடைசி நாள் என்பதால் குளிர்காலத்தில் வரி அலுவலகங்கள் தற்காலிகமாக ஆள் எடுக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

கனடிய அனுபவம் இல்லையே என்று நீங்களாகவே ஒதுங்கவும் வேண்டாம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது என்று 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் சட்டமே இருக்கிறது. அதே நிறுவனங்கள் இன்டர்வியூ வைத்தால், முடிவு எடுத்தார்களா என்பதை அதிலிருந்து 45 நாளுக்குள் சொல்லவும் வேண்டும். வாய்வார்த்தையாகக் கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்காக அனுப்பாமல் இருப்பதா?

வேலை தேட உதவும் அரசுத் திட்டமான எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோவின் மையம் உங்கள் பக்கத்திலேயே ஒன்று இருக்கும். இலவசம். மாதிரி இன்டர்வியூ வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சத்தையெல்லாம் அங்கேயே தொலைத்துவிடலாம்.

சரி, வெள்ளிக்கிழமைக்குள் பத்து விண்ணப்பம் அனுப்பிவிட்டு, எந்தெந்த வேலைக்கு என்று எனக்கு எழுதுங்கள். இன்டர்வியூ அழைப்பு வந்தால் முந்தின நாள் இரவு போன் பண்ணுங்கள். எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.