அவன் வாயில் உன் பெயர்

கேள்வி: நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். கல்லூரியில் எங்கள் கிறிஸ்தவ ஜெபக்குழுவுக்கு இந்த வருடம் நான்தான் பொறுப்பு. பத்துப் பேர் வருகிறோம். ஆனால் என் சொந்த ஜெப வாழ்க்கை வறண்டு கிடக்கிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் கண்ணில் படுகிறது. என் அறை நண்பனின் இரட்சிப்புக்காக ஒன்றரை வருடமாகப் பாரத்தோடு ஜெபிக்கிறேன். எத்தனையோ தடவை சுவிசேஷம் சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டே போய்விடுகிறான். மற்றபடி தங்கமான பையன். புதன், வெள்ளியில் காலை ஜெபம் நீண்டுவிட்டால் முதல் வகுப்பில் நான் வந்ததாக என் பெயருக்குக் குரல் கொடுத்து ப்ராக்சி போடுவதுகூட அவன்தான். அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். படிப்பா, ஊழியமா என்று மனம் அல்லாடுகிறது. கல்லூரியில் சாட்சியுள்ள கிறிஸ்தவனாக வாழ்வது எப்படி அம்மா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

பதில்:

தம்பி, உன் முழுக் கடிதம் நான்கு பக்கம். வறட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நண்பனின் ஆத்துமாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம். ப்ராக்சியைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் அவன் எவ்வளவு நல்லவன் என்று காட்டுவதற்காக. மற்றதை எல்லாம் ஒரு தடவை படித்தேன். அந்த வரியை நான்கு தடவை படித்தேன்.

நான் 28 வருடம் கல்லூரியில் வருகைப் பதிவேட்டைக் கையில் பிடித்தவள். ப்ராக்சி கொடுக்கிற பிள்ளை எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். தன் பெயரைக் கூப்பிடும்போது நிமிர்ந்து பதில் சொல்வான். இன்னும் சில பெயர் தாண்டியதும் மெதுவாகக் குனிவான். முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, தொண்டை கட்டியவன் மாதிரி குரலை மாற்றி, "எஸ் மேம்" என்பான். அப்புறம் நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி பேனாவை ஓட்டிக்கொண்டிருப்பான். அடுத்த பெயரை நான் கூப்பிடும்வரை அவன் தோள் இறங்காது. கண்டுபிடித்துவிட்டால் எழுந்து நிற்கப்போகிறவன் அவன்தான் என்று அவனுக்குத் தெரியும்.

வாரத்துக்கு இரண்டு நாள் உனக்காக அவன் அப்படிக் குனிகிறான். அதே நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? அவன் மனம் திரும்ப வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருக்கிறாய்.

இதை உனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையா? பத்துப் பேர் கூடி ஜெபிக்கிறீர்கள். மற்ற ஒன்பது பேருக்கு யார் குரல் கொடுக்கிறார்கள்? பொறுப்பில் இருக்கிறவன் நீ. என்றைக்காவது கேட்டிருக்கிறாயா?

நண்பன் சிரித்துவிட்டுப் போவதை இருதயக் கடினம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் உன் விசுவாசத்தை ஒன்றரை வருடமாகப் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்க்கிறவன். உன் இயேசுவை வணங்க வேண்டுமானால் யாராவது ஒருவன் பொய் சொல்ல வேண்டும், அந்த ஒருவன் தான்தான் என்பது அவன் பார்த்த சுவிசேஷம். அவன் உன்னைக் குத்திக் காட்டாமல் சிரித்துக்கொண்டு போவது அவனுடைய பெரிய மனது.

ஆண்டவருடைய காரியத்துக்காகத்தானே என்று நீ நினைக்கலாம். இதே நினைப்போடுதான் யோபுவின் நண்பர்களும் பேசினார்கள். தேவனுடைய பக்கம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, துன்பப்படுகிறவன்மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்தினார்கள். தேவனுக்காக நியாயக்கேடும் வஞ்சகமும் பேசுவீர்களோ என்று யோபு அவர்களைத் திருப்பிக் கேட்டது யோபு புத்தகம் 13ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில் இருக்கிறது. அவருக்கு நம் பொய் தேவையில்லை. எந்த ஜெபக்கூட்டத்தைக் காப்பாற்றுவதற்கும் தேவையில்லை.

உங்கள் குழுவில் 1 பேதுரு 3:15ஐ மனப்பாடமாக வைத்திருப்பீர்கள். நம்பிக்கையைக் குறித்து யார் கேட்டாலும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிற வசனம். மாணவர் முகாம் எதற்குப் போனாலும் அதைக் கேட்கிறேன். 16ஆம் வசனத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நல்மனச்சாட்சியுடையவர்களாயிருங்கள் என்கிறது அது. இரண்டும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. நீ முதல் பாதியை அவனிடம் பேசிக்கொண்டு, இரண்டாம் பாதியை அவனிடமே அடகு வைத்திருக்கிறாய்.

சரி, படிப்பா ஊழியமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேள்வி எனக்குப் பல வருடமாக வருகிறது. கேட்கிற பிள்ளைகள் எல்லாருமே பெற்றோர் பணத்தில் படிக்கிறவர்கள். கோபப்படாமல் கேள்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு வழக்கத்தைக் கண்டிக்கிறார். ஒருவன் தன் தகப்பனையும் தாயையும் பார்த்து, உங்களுக்கு உதவியாக இருந்திருக்கக்கூடியது கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து அவனை விட்டுவிடுவார்கள். கேட்க பக்தி மாதிரிதான் இருக்கும். இப்படிச் செய்து தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார் இயேசு. புதன் காலை ஒன்பது மணி வகுப்புக்கு உன் அப்பா வட்டி கட்டுகிறார். அந்த மணி நேரத்தை எடுத்து, இது கர்த்தருக்கு என்று சொல்ல உனக்கு என்ன உரிமை? உன்னுடையதைக் கொடு. விடியற்காலைத் தூக்கத்தைக் கொடு, மாலை விளையாட்டைக் கொடு, இரவில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தைக் கொடு. அப்பாவுடையதை எடுத்துக் காணிக்கை போடாதே.

இதில் நான் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நானும் இரண்டாம் ஆண்டில்தான் தடுக்கினேன். பாடகர் குழு, முகாம், ஓய்வுநாள் பள்ளி என்று எல்லாவற்றிலும் முன்னால் நின்றேன். கணிதத் தாளில் தோற்றேன். வீட்டுக்கு எழுதின கடிதத்தில் "எல்லாம் கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, அப்பா அந்தக் கடிதத்தை நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். தினமும் எடுத்துப் பார்த்ததில் மடிப்பு விட்டுப்போயிருந்தது. அன்று இரவே அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கிருபை என்ற வார்த்தையை எதை மூடுவதற்கும் அதற்குப் பிறகு நான் பயன்படுத்தியதில்லை.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெத்தடிஸ்ட் என்ற சபைப் பிரிவின் பெயர் எப்படி வந்தது என்று தெரியுமா? 1729இல் ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் வெஸ்லி உன்னைப் போல மாணவன். தானும் இரண்டு மூன்று நண்பர்களுமாக வாராவாரம் திருவிருந்துக்குப் போவதோடு, பல்கலைக்கழக விதிகள் சொல்லும் படிப்பு முறையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். அதற்காகத்தான் அந்தக் கேலிப் பெயர் கிடைத்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அண்ணன் ஜான் வந்து சேர்ந்த பிறகு, வாரத்தில் மூன்று நான்கு மாலை கூடினார்கள். கூடி என்ன செய்தார்கள்? வார நாட்களில் பாடத்தில் உள்ள பழைய கிரேக்க, லத்தீன் இலக்கியங்களைச் சேர்ந்து படித்தார்கள், ஞாயிற்றுக்கிழமையில் இறையியல். பிறகு சிறைக்கும் போனார்கள், ஏழைகளிடமும் போனார்கள். படிப்பை ஏமாற்றிவிட்டு அல்ல.

தானியேலையும் பார். அந்நிய ராஜாவிடம் அதிகாரியாக இருந்துகொண்டே தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டவர். அவரை விழத்தள்ள நினைத்தவர்கள் முதலில் தேடியது அவருடைய ராஜ்ய வேலையில் ஏதாவது குறை கிடைக்குமா என்றுதான். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் வேறு வழியில்லாமல் அவருடைய ஜெபத்தின்மேல் கை வைத்தார்கள். உன் விரோதி யாராவது உன்னைப் பிடிக்க நினைத்தால் ஜெபம் வரைக்கும் வர வேண்டியதே இல்லை. வருகைப் பதிவேட்டிலேயே பிடித்துவிடுவான்.

இனி செய்ய வேண்டியது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறது. ஆகவே இந்த வாரம் அவனுக்காக ஜெபிப்பதற்கு முன்னால் அவனிடம் பேசு. இருவரும் தனியாக இருக்கும்போது, "உன்னை எனக்காகப் பொய் சொல்ல வைத்தேன். அது தப்பு. மன்னித்துக்கொள். இனிமேல் வேண்டாம்" என்று சொல். அவ்வளவுதான். அதோடு ஒரு வசனத்தைச் சேர்க்காதே, கூட்டத்துக்கு அழைக்காதே. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டினால் மன்னிப்பும் பொய்யாகிவிடும்.

அடுத்து ஆசிரியர். போகத்தான் வேண்டும். இயேசுவைச் சந்தித்து மனம் திரும்பிய வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றானே தவிர, இனிமேல் வாங்கமாட்டேன் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஆனால் இங்கே கவனம் வேண்டும். நீ போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் தண்டனை அவன் தலையிலும் விழும். உன் மனச்சாட்சியைக் கழுவுவதற்கு அவனைத் தண்ணீராக ஊற்றாதே. முதலில் அவனிடம் கேள். அவன் பயந்தால், அவன் பெயரைச் சொல்லாதே. "நான் வராத நாட்களில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது, நான் கேட்டுத்தான் அது நடந்தது, எனக்கு ஆப்சென்ட் போட்டுவிடுங்கள்" என்று உன் பங்கை மட்டும் சொல். யார் கொடுத்தது என்று கேட்டால், அதைச் சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வருவதை வாங்கிக்கொள். வருகை குறைந்து தேர்வு எழுத முடியாமல் போனால்? போகட்டும். அதையும் அப்பாவிடம் நீயே சொல்ல வேண்டும், போனில் அல்ல, நேரில்.

ஜெபக்கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாக வை. எழுந்திருக்க முடியாதவர்கள் வராமல் போகலாம். பத்து நான்காகும். பரவாயில்லை. வகுப்புக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஆமென் சொல்லி முடி, யார் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தாலும். தேவைப்பட்டால் அந்தப் பிள்ளையோடு மத்தியானம் உட்கார்ந்து பேசு.

வறட்சி பற்றிக் கேட்டாய். எல்லா வறட்சிக்கும் பாவம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிப் பல பிள்ளைகளை நோகடித்திருக்கிறார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க வைத்தான். நீ இரவு ஒன்றரை மணிக்குப் படுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைச் சரிசெய். ஆனால் உன் விஷயத்தில் அது மட்டும்தான் காரணம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை யார் குனிகிறான் என்று உள்ளுக்குள் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வேதத்தைத் திறக்கிறாய். எழுத்து மட்டும் தெரிவது ஆச்சரியமா?

ஞாயிறும் நீங்கள் பத்துப் பேருமே கூடிக்கொள்கிறீர்கள் என்பதையும் கவனித்தேன். பக்கத்தில் இருக்கும் ஒரு சபைக்குப் போ. ஒரே வயதுக்காரர்கள் மட்டும் சேர்ந்தால் ஒருவர் தப்பு மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஒன்பது பேரில் ஒருவனும் உன்னை நிறுத்தாததற்கு அதுதான் காரணம். மூப்பர் ஒருவரோ, பிள்ளை வளர்த்த ஒரு தாயோ அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் முதல் வாரமே காதைப் பிடித்து வகுப்புக்கு அனுப்பியிருப்பார்கள்.

நண்பனிடம் பேசிய பிறகு அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுது. மறுபடியும் சிரிக்கலாம். பெரிய யோக்கியன் ஆகிவிட்டாயா என்று கேட்கலாம். பதில் சொல்லாதே. வருகிற புதன்கிழமை அவன் கிளம்பும்போது நீயும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவனோடு சேர்ந்து வகுப்புக்குப் போ.