திறந்த திரை எங்கே போய் நிற்கும்?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று ஜன்னல்கள் பாடாய்ப் படுத்துகின்றன. ஹாலில், மூன்று பக்கமாக மடிந்து வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல். படுக்கையறையில், உள்பக்கமாகத் திறக்கும் ஒற்றைக் கதவு ஜன்னல். அதன் ஒரு பக்கம் ஒட்டினாற்போல் அலமாரி. மாடிப்படியில், மேல்பகுதி அரைவட்டமாக உள்ள ஜன்னல். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ரோலர் பிளைண்ட் (மேலே உருளையில் சுருண்டு ஏறும் திரை) போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். நிறம் ஒத்துப்போனால் போதும், வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. துணி பார்க்கக் கிளம்புமுன் ஒவ்வொரு ஜன்னலின் முன்னாலும் நின்று யோசியுங்கள்: பகலில் திரையைத் திறந்தால் அந்தத் துணி எங்கே போய் நிற்கும்? மூடியிருக்கும்போது எந்தத் திரையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். திறக்கும்போதுதான் இடிக்கும், மாட்டும், வெளிச்சத்தை அடைக்கும்.

முதலில் படுக்கையறை, ஏனென்றால் மூன்றில் கடினமானது அதுதான். திரைச்சீலையை ஒதுக்கினால், துணியின் கனத்தைப் பொறுத்து, ஜன்னல் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அந்தக் குவியலே பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு ஒரு பக்கம் அலமாரி இருப்பதால் மொத்தத் துணியும் மறுபக்கம் போக வேண்டும். அந்தப் பக்கம்தான் கீல் என்றால், திறந்த கதவும் துணிக்குவியலும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். தினமும் துணியைக் கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பீர்கள். கொஞ்ச நாளில் திறப்பதையே விட்டுவிடுவீர்கள்.

ரோலர் பிளைண்டை ஜன்னல் குழிக்குள்ளேயே பொருத்தினாலும் சிக்கல்தான். சுருட்டிய உருளை மேலே தொங்கும், கதவின் மேல்விளிம்பு அதில் மோதும். அதனால் நான் சொல்வது, ஜன்னல் கதவிலேயே பொருந்தும் மெல்லிய மடிப்பு பிளைண்ட். கதவோடு சேர்ந்து அதுவும் நகரும், இடிப்பதற்கு எதுவும் இல்லை. வாங்குமுன் ஒரு அட்டையைக் கண்ணாடியின் மேல் வைத்து, கைப்பிடியின் பக்கமாக மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அட்டை உரசினால் துணியும் உரசும். இரட்டைக் கண்ணாடி என்றால் சட்டத்தில் துளை போடாமல், கிளிப்பில் நிற்கும் வகையைக் கேளுங்கள்.

ஹால் ஜன்னலுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மூன்று முகத்துக்கும் தனித்தனி பிளைண்ட். இதில் பலர் கண்ணாடியின் அகலத்தை அளந்து ஆர்டர் கொடுத்துவிட்டு, மூலையில் இரண்டு பிளைண்டும் முட்டிக்கொள்வதைப் பார்த்துத் தவிக்கிறார்கள். பிளைண்ட் ஜன்னலை விட்டு அறைப்பக்கம் தள்ளி வரவர, மூலையில் அதற்குக் கிடைக்கும் இடம் குறையும். இரண்டு முகங்களும் 135 டிகிரியில் சந்தித்தால், 5 செ.மீ. முன்தள்ளிய பிளைண்ட் அந்த மூலையில் சுமார் 2 செ.மீ. இழக்கும். நடு முகத்துக்கு இரண்டு பக்கமும் மூலை இருப்பதால் 4 செ.மீ. போய்விடும். 90 டிகிரி மூலை என்றால் பக்கத்துக்கு முழு 5 செ.மீ. ஆகவே பிளைண்டைத் தாங்கும் பிராக்கெட்டின் ஆழத்தை முதலில் கேளுங்கள், அகலத்தை அப்புறம் முடிவு செய்யலாம்.

இன்னொரு வழி, மூலைகளில் வளைந்து போகும் ஒரே தண்டவாளத்தில் திரைச்சீலை. மாலையில் அறை முழுக்கத் துணி இறங்கி நிற்கும் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இரண்டு முனையிலும் துணி ஒதுங்கச் சுவர் வேண்டும். அது இல்லாவிட்டால் ஓரத்து இரண்டு கண்ணாடிகளும் எப்போதும் பாதி மூடியே கிடக்கும்; அப்போது பிளைண்டே மேல். திரைச்சீலைதான் என்றால், தண்டவாளத்தின் மொத்த நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அகலத் துணி எடுங்கள். குறைத்தால் சுருக்கம் விழாது.

அளவெடுப்பதில் அவசரம் கூடாது. இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் நடுவில் மட்டும் டேப்பைப் பிடித்தேன். பிளைண்ட் வந்து பொருத்தியபோது பாதிவரை சுகமாக இறங்கியது, கீழே பூச்சில் உரசி நின்றுவிட்டது. பூச்சு எங்கேயும் நேராக இருப்பதில்லை. அகலம் மேலே 120.4, நடுவே 120.1, கீழே 119.8 செ.மீ. என்று வந்தால் 119.8 தான் உங்கள் அளவு. குழிக்குள் பொருத்துவதற்கு மிகச் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். ரோலரில் பிராக்கெட்டுகளுக்கு இடம் போகத் துணி இன்னும் குறுகும், இரண்டு ஓரத்திலும் வெளிச்சக் கோடு விழும். இருட்டில்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் பக்கவாட்டில் துணி ஓரம் நுழைந்து ஓடும் காடி வைத்த வகையைப் பாருங்கள்.

அரைவட்டத்தை, வெயிலோ எதிர்வீட்டுப் பார்வையோ உறுத்தாவிட்டால், திறந்தே விடுங்கள். வளைவு தொடங்கும் மட்டத்துக்குக் கீழே மட்டும் திரை போதும். மூடியே ஆக வேண்டும் என்றால் மங்கல் ஸ்டிக்கர் எளிது. அளவுக்குச் செய்த ஷட்டர், அதாவது குறுக்குப் பட்டைகள் வைத்த உள்கதவு, அழகு. ஆனால் பல ஷட்டர்களில் வளைவுக்குள் இருக்கும் பட்டைகள் அசையாதவை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது எண்களை மட்டும் நம்பாமல், பெரிய தாளை வளைவில் ஒட்டி விளிம்பை வரைந்து வெட்டி, அந்தத் தாளையே கொடுங்கள்.

மாடிப்படி ஜன்னலில் கயிறோ மணிச்சங்கிலியோ தொங்கவே கூடாது. படியில் ஏறும் குழந்தையின் கழுத்து உயரத்துக்கு அந்தக் கண்ணி வந்துவிடும். சத்தமே இல்லாமல் உயிர் போய்விடும். அங்கே கயிறில்லாத வகையோ, மோட்டார் வகையோ போடுங்கள். மற்ற அறைகளில் சங்கிலி இருந்தால், அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கொக்கியை அன்றைக்கே திருகிவிட்டு, கட்டிலையும் தொட்டிலையும் அந்த ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.