தகடூர்ப் போரைத் தடுக்க முடியுமா?

கேள்வி: காலப்பயணம் செய்து பழைய தகடூருக்கு (இன்றைய தருமபுரி) போய், சேரன் படையெடுத்து வரப்போகிறான் என்று அதியமானிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வரலாறு மாறுமா?
– கல்லூரி மாணவர், பென்னாகரம்

பதில்: எனக்கும் அந்த ஆசை உண்டு. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் தோற்றான் என்பதை மனசு ஒப்புவதே இல்லை. ஆனாலும் மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில், போக வழி இருக்கிறதா? ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு 1949-ல் கணித அறிஞர் குர்ட் கோடல் ஒரு தீர்வு கண்டார். அதில் பிரபஞ்சமே சுழல்கிறது, அதனால் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருந்து கடைசியில் கடந்த காலத்துக்கே வந்து சேரலாம். கணக்கு சரி. நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. இயற்கை விதிகளே இதைத் தடுத்துவிடும் என்று ஹாக்கிங் 1992-ல் சொன்னார், அது இன்னும் நிரூபணமாகவில்லை.

சரி, எப்படியோ போய்விட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கோட்டை வாசலில் நின்று நீங்கள் கத்தினால் அந்தக் கத்தலும் அன்று நடந்ததில் ஏற்கெனவே சேர்த்திதான் என்பார் ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ். காவலாளி உங்களை ஒற்றன் என்று பிடித்துப் போட்டிருக்கலாம், இல்லை அதியமான் கேட்டுக்கொண்டே போருக்குக் கிளம்பியிருக்கலாம். தகடூர் விழாமல் இருந்திருந்தால் அதைத் தடுக்க நீங்கள் புறப்பட்டிருக்கவே மாட்டீர்களே! இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1991-ல் வேறு வழி சொன்னார்: நீங்கள் போய் இறங்குவது இன்னோர் உலகத்துத் தகடூர், அங்கே அதியமான் ஜெயிக்கலாம், நம் தருமபுரியின் வரலாறு அப்படியே இருக்கும். எனக்கு அது போதவில்லை, நாம் காப்பாற்ற நினைத்தது இந்த அதியமானை அல்லவா?