ஹெல்மெட் போடாத தலையும் உடைந்த காலும்

பெங்களூரு மர்பி டவுனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கிறார். பக்கத்தில்தானே என்று மனைவி ஹெல்மெட் போடவில்லை, இவர் போட்டிருந்தார். திரும்பும்போது, ஓரமாக நின்ற கார் ஒன்று பின்னால் பார்க்காமல் சட்டென்று யூ டர்ன் எடுத்து இடித்துவிட்டது. மனைவிக்கு வலது காலில் எலும்பு முறிவு, நெற்றியில் அடி. கார் இன்சூரன்ஸ் தரப்பு ஆள் வீட்டுக்கே வந்து, "ஹெல்மெட் இல்லை, அதனால் நஷ்ட ஈட்டில் பாதிதான் கிடைக்கும், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறாராம். போதாக்குறைக்கு, அன்று போகும்போது சிக்னல் கேமரா எடுத்த படத்தோடு 500 ரூபாய் அபராத நோட்டீஸும் வந்திருக்கிறது. கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமா, அவள் தலை அவள் விருப்பம், இதில் இவர்களுக்கு என்ன என்று கோபமாகக் கேட்கிறார்.

முதலில் கையெழுத்து. போடாதீர்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிவந்து 'சும்மா ஃபார்மாலிட்டி' என்று நீட்டுகிற தாள் பிறகு கோர்ட்டில் உங்களுக்கு எதிராகத்தான் வந்து நிற்கும்.

இங்கே இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஹெல்மெட் போடாதது உங்களுக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவுப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும், பின்னால் உட்கார்ந்தாலும், ஹெல்மெட் கட்டாயம். வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்து வைத்தால் அது ஹெல்மெட்டே இல்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 194டி பிரிவில் அபராதம் 1000 ரூபாய், கர்நாடகத்தில் அதை 500 ஆகக் குறைத்திருக்கிறார்கள். நஷ்ட ஈடு என்பது உங்கள் மனைவிக்கும் அந்தக் காருக்கும் இடையிலான கணக்கு. அங்கே கேட்கப்படுவது வேறு: விபத்து யாரால் நடந்தது, காயம் எதனால் இவ்வளவு ஆனது? உங்கள் மனைவி தலையில் எதை வைத்திருந்தாலும் அந்தக் கார் யூ டர்ன் எடுத்திருக்கும்.

2020-ல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள், பின்னால் வந்த கார் இடித்தது, ஒருவர் இறந்தார். மூன்று பேர் போனது தப்பு என்று உயர் நீதிமன்றம் பத்து சதவீதம் கழித்தது. சட்டத்தை மீறியது மட்டும் போதாது, அந்த மீறல்தான் விபத்துக்கோ அதன் பாதிப்புக்கோ காரணமாக இருந்தது என்று காட்ட வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தக் கழிவை ரத்து செய்தது.

இதை உங்கள் வழக்கில் பொருத்திப் பாருங்கள். காலுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கால் கணக்கில் ஒரு ரூபாய் குறைக்க வழியில்லை. உங்கள் மனைவி வீட்டில் ஜாக்கெட் தைப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மிதி மெஷினுக்கு வலது கால் வேண்டும், வருமான இழப்பு என்று பெரிய தொகை வரப்போவதே அந்தக் காலில்தான். நெற்றிக் காயம் மட்டும் வேறு. ஹெல்மெட் இருந்திருந்தால் இது குறைந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு மருத்துவ ஆதாரத்தோடு நிரூபித்தால் அந்தப் பகுதியில் கொஞ்சம் கழிக்க வாய்ப்பு உண்டு. சில தீர்ப்புகளில் கழித்திருக்கிறார்கள், சிலவற்றில் மறுத்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மொத்தத்தில் பாதி என்பது அந்த ஆள் வாசலில் நின்று போட்ட கணக்கு.

வண்டி ஓட்டிய உங்கள் மேலும் தப்பு என்று அடுத்து ஆரம்பிப்பார்கள். அப்படியே இருந்தாலும் பின்னால் உட்கார்ந்தவர் தலையில் அதை ஏற்ற முடியாது. இரண்டு ஓட்டுநர்களின் தப்பும் சேர்ந்து மூன்றாவது ஆளுக்கு அடிபட்டால், முழுத் தொகையையும் யாராவது ஒரு தரப்பிடமே வசூலிக்கலாம் என்று 2015-ல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பைக்குக்குத் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும்தான் என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது, அதனால் கார் இன்சூரன்ஸை விடாமல் பிடியுங்கள்.

"என் தலை, என் விருப்பம்" வாதம் 1988-லேயே அஜய் கானு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றுவிட்டது. எனக்கும் அதில் அனுதாபம் கிடையாது. வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட், அது எப்போதும் ஓட்டுகிறவருக்கு என்றால், அதை மனைவியின் விருப்பம் என்று நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், தெரிந்தவர் ஒருவர் "ஹெல்மெட் போட்டிருந்தாங்க, விழும்போது கழன்றுபோச்சு" என்று சொல்லச் சொன்னாராமே. தயவுசெய்து வேண்டாம். கேமரா படத்தில் மல்லிகைப் பூ வைத்த கொண்டை தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேஷுவல்டியில் சேர்த்தபோது டூட்டி டாக்டர் ஹெல்மெட் இல்லை என்று குறித்திருக்கவும் கூடும். இந்த ஒரு பொய் உடைந்தால், காரைப் பற்றி நீங்கள் சொல்கிற உண்மையையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அபராதத்தைக் கட்டிவிடுங்கள். ஹெல்மெட் போடவில்லை என்பதற்கு மேல் அது எதையும் ஒப்புக்கொள்வதாகாது, அதுதான் படத்திலேயே இருக்கிறதே.

பெங்களூரில் இந்த வழக்குகளை ஸ்மால் காசஸ் கோர்ட்தான் தீர்ப்பாயமாக இருந்து விசாரிக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் 166-ஆம் பிரிவில் மனு போட வேண்டும், கட்டுப் பிரிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எஃப்ஐஆர், கார் டிரைவர் மேல் போட்ட சார்ஜ் ஷீட், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன், மருந்து பில், தையல் வாடிக்கையாளர்களின் அளவு நோட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அந்தக் கேமரா நோட்டீஸையும் சேர்த்தே கொண்டுபோங்கள். குறுக்கு விசாரணை அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவந்தது என்று ஆகிவிடக் கூடாது.