விரும்பிப் போனவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

2034 உலகக் கோப்பைக் கால்பந்தை சவுதி அரேபியாவுக்குக் கொடுத்ததிலிருந்து எங்கள் நண்பர்கள் குழுவில் ஓயாத வாக்குவாதம். நான் பள்ளி நாட்களிலிருந்து கால்பந்துப் பைத்தியம். கத்தார் போட்டியின்போதே ஒரு நண்பர் இதைப் பார்ப்பது பாவம் என்று ஒதுங்கிக்கொண்டார். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்கிறார் இன்னொருவர். குறை சொல்லும் ஐரோப்பா மட்டும் யோக்கியமா என்பது மூன்றாமவர் கேள்வி. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், கத்தார், சவுதி போன்ற நாடுகளுக்குக் கட்டுமான வேலைக்குப் போனவர்களை யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. ஊரில் கிடைக்காத சம்பளத்துக்காக, தாங்களாக விரும்பி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் போனவர்கள். வழக்கறிஞனாக இருப்பதால் இப்படி நினைக்கிறேனோ என்னவோ. மனித உரிமைகளை மதிக்காத நாட்டில் நடக்கும் போட்டியை ஒரு ரசிகன் பார்க்கலாமா, கூடாதா? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

கடிதத்தைப் படித்த உடனே எழுதியிருந்தால் கடுமையாக எழுதியிருப்பேன். கொஞ்சம் ஆறப் போட்டேன். சவுதிக்குப் போட்டியைக் கொடுத்த செய்தி வந்ததிலிருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் மனச்சாட்சி இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் நண்பர்கள். ஐரோப்பா யோக்கியமா என்றால், இல்லை. 2022 நவம்பர் 23 அன்று கத்தார் போட்டியில், பேச விடவில்லை என்று எதிர்ப்புக் காட்ட ஜெர்மனி அணி வாயைப் பொத்திக்கொண்டு படத்துக்கு நின்றது. அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆவதற்குள் ஜெர்மனிக்குக் கத்தாரின் எரிவாயு போக 15 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. சரி, யோக்கியமில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதால், கத்தாரில் வேலைக்குப் போய்ச் செத்தவனின் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?

விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்பவரிடம் பேச எனக்கு இனி தெம்பில்லை. போட்டியைக் கேட்டு அலைகிறவர்களே ஆட்சியாளர்கள்தான். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு முன்னால் 'ஜிப்சிகள்' என்று அழைக்கப்பட்ட ரோமா, சின்ட்டி மக்களை நகரத்திலிருந்து அள்ளிக்கொண்டு போய் மார்ட்சான் முகாமில் அடைத்தார்கள். 1968 மெக்சிகோவில் ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருந்தபோது ட்லாட்டெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். போட்டிக்காக நகரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று ஓர் அரசு சொன்னால், யாரைச் சுத்தம் செய்யப்போகிறது என்றுதான் நான் கேட்பேன்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். 'தாங்களாக விரும்பி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் போனவர்கள்.'

நீங்கள் வழக்கறிஞர். சம்மதம் என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கியவன், இறங்கிய இடத்தில் வேறொரு ஒப்பந்தத்தை நீட்டும்போது கையெழுத்துப் போட மறுக்க முடியுமா? இந்தியாவில் ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்குச் சட்டம் போட்ட வரம்பு 30,000 ரூபாய். அதோடு நிறுத்திக்கொண்ட ஏஜென்டை நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா? கடன் ஊரில் வளர்ந்துகொண்டிருக்கும். பாஸ்போர்ட் முதலாளியின் மேஜைக்குள் இருக்கும். தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா என்கிற அந்த ஏற்பாட்டில், கத்தாரில் 2020 வரை முதலாளி எழுதிக் கொடுக்காமல் வேறு வேலைக்குப் போக முடியாது. பல காலம் நாட்டை விட்டுக் கிளம்பவே முடியாது. போகும்போது விருப்பம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வர விரும்பியவனுக்கு என்ன இருந்தது? ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டாமா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் கணவரின் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றாள். அவர் கத்தாரில் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். மைதானத்தில் இல்லை, சாலைப் பாலத்தில். ஆகஸ்ட் மாதம். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரை, விடியுமுன் கேம்ப் வாசலுக்கு வண்டி வந்தபோது கூட இருந்தவர்கள் எழுப்பினார்கள். எழுந்திருக்கவில்லை.

உறைக்குள் அடியில் இருந்தது, போவதற்கு முன்னால் எடுத்த மருத்துவப் பரிசோதனைச் சீட்டு. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் எடுத்தாக வேண்டியது. மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து 'ஃபிட்' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். மேலே இருந்தது இறப்புச் சான்றிதழ். கடுமையான இதயச் செயலிழப்பு, இயற்கைக் காரணம். போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை. இரண்டு காகிதத்துக்கும் நடுவே மூன்று ஆண்டுகூட இல்லை. அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நல்லா இருக்காருன்னு பார்த்துத்தானே ஏத்துனாங்க, அப்புறம் எப்படி?"

இதற்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கு இருக்கிறது? இந்த இடத்தில் சற்று நில்லுங்கள், கே. இயற்கை மரணம் என்று எழுதினால் அது வேலையினால் வந்த சாவு இல்லை. வேலையினால் வரவில்லை என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டாம். வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வாங்கிப் போகிற தொழிலாளிக்கு நம் அரசு கட்டாயமாக எடுக்கவைக்கும் காப்பீடு இருக்கிறதே, பிரவாசி பாரதீய பீமா யோஜனா, அதன் 10 லட்சம் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். தூக்கத்தில் நின்ற இதயம் அதில் வராது. ஒரே ஒரு வரியால் கத்தாரும் கை கழுவியது, நம் ஊரும் கை கழுவியது. அவளுக்கு வந்தது பாக்கிச் சம்பளமும் பெட்டியும்தான். கடன் அவள் பெயருக்கு மாறியது.

தனியொரு கதையைச் சொல்லி மனதை உருக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். 2021-இல் 'தி கார்டியன்' இதழ் ஐந்து நாடுகளின் அரசுப் பதிவுகளைத் திரட்டி வெளியிட்டது. போட்டி கத்தாருக்குக் கிடைத்த 2010 டிசம்பரிலிருந்து அங்கே இறந்த தெற்காசியத் தொழிலாளர்கள் 6,500-க்கும் மேல். அதில் இந்தியர் மட்டும் 2,711. இந்த எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சண்டை போட்டார்கள். எல்லாரும் மைதானம் கட்டினவர்களா என்று கேட்டார்கள். இல்லைதான், எல்லா வேலையிலும் எல்லாக் காரணத்தாலும் நிகழ்ந்த சாவுகள் அவை. ஆனால் போட்டி அமைப்பாளர்கள் சொன்ன கணக்கு, மைதானப் பணியாளர்களில் வேலையால் 3 பேர், வேலை சாராமல் 37 பேர். சாலை, மெட்ரோ, ஓட்டல் கட்டியவர்கள் அந்தக் கணக்கில் கிடையாது. அவை எல்லாம் யாருக்காக அந்த அவசரத்தில் கட்டப்பட்டன?

வெப்பம்தான் கொன்றது என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள், அவர்களைப் பார்க்க விடவில்லை என்பதே என் புகார். நேபாளத் தொழிலாளர்களின் சாவுகளை ஆராய்ந்து 2019-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை, கடும் வெயில் மாதங்களில் இதயச் சாவுகள் கூடுவதைக் காட்டியது. அதற்கும் முன்னால், 2014-லேயே, கத்தார் அரசு தானே அமர்த்திய சட்ட நிறுவனம் இந்த இதய மரணங்களை ஆராயுங்கள், போஸ்ட்மார்ட்டத்துக்கு இடம் கொடுக்கும்படி சட்டத்தை மாற்றுங்கள் என்று பரிந்துரைத்தது. சொந்த வக்கீல் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு வழக்கறிஞராக இது உங்களை உறுத்த வேண்டும்.

மாற்றம் வரவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேலை மாறலாம் என்று 2020-இல் சட்டம் வந்தது. 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி வந்தது. 2021-இல் கோடையில் காலை 10 மணி முதல் மாலை மூன்றரை வரை வெளிவேலை கூடாது என்று வந்தது. தொழிற்சங்கங்களும் பத்திரிகைகளும் ஆண்டுக்கணக்கில் இடித்து இடித்து வாங்கியவை இவை. போட்டியைக் கொடுத்தால்தான் சீர்திருத்தம் வரும் என்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் வந்த வருடங்களைப் பாருங்கள். போட்டியைக் கத்தாருக்குக் கொடுத்த வாக்கெடுப்பு 2010-இல். சட்டம் வரும்போது பெரும்பாலான கட்டுமானம் முடியும் கட்டத்தில் இருந்தது. போட்டியை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் கையில் பிடி இருந்தது வாக்குப் போடும் நாள் வரைக்கும்தான். அன்று எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

புறக்கணிப்பு பற்றிக் கேட்டீர்கள். மிதிபடுகிறவர்கள் என்ன கேட்கிறார்களோ அதைச் செய்யுங்கள், நம் மன நிம்மதிக்காக எதையும் செய்ய வேண்டாம். நான் பிடித்துக்கொண்டிருப்பது இதை மட்டும்தான்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறியால் ஒடுக்கப்பட்டவர்களே வராதீர்கள் என்று கேட்டார்கள். கறுப்பர்களைச் சேர்க்காத அணியோடு ஆடாதீர்கள் என்று உலகத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்த இந்தியா, எதிரே தென்னாப்பிரிக்கா என்றதும் ஆடவில்லை. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் தங்கள் உச்சத்தில் இருந்த நேரம். கோப்பை ஆட்டமே இல்லாமல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்த இழப்பு சரியானது என்று இன்றும் நம்புகிறேன்.

1978-இல் ராணுவ ஆட்சியில் உலகக் கோப்பை நடந்த அர்ஜென்டினாவில் நிலைமையே வேறு. போட்டி தொடங்கிய ஜூன் 1 ஒரு வியாழக்கிழமை. காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் வாரந்தோறும் மாயோ சதுக்கத்தில் சுற்றி நடக்கும் நாள். தொடக்க விழாவை விட்டுவிட்டு ஒரு டச்சுப் படப்பிடிப்புக் குழு அங்கே போனது. வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிய பெண்கள் கேமராவை நெருக்கிக்கொண்டு, நீங்கள்தான் எங்கள் கடைசி நம்பிக்கை என்று கதறுகிறார்கள். இறுதிப் போட்டி நடந்த மைதானத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கடற்படைப் பள்ளியின் சித்திரவதைக் கூடம். உள்ளே இருந்தவர்களுக்கு ஆரவாரம் கேட்டது. அந்தத் தாய்மார்கள் வராதே என்று சொல்லவில்லை. வந்தவன் தங்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டும் என்றார்கள். விளையாட்டைப் படம் பிடிக்கப் போன அத்தனை பேரில் எத்தனை பேர் திருப்பினார்கள்?

கத்தாரில்? பன்னாட்டுக் கட்டடத் தொழிலாளர் சம்மேளனம் புறக்கணிக்கச் சொல்லவில்லை. உள்ளே போய் மைதானப் பணியிடங்களைச் சோதிக்கும் உரிமையை 2016-இல் வாங்கியது. குடும்பங்கள் கேட்டது இழப்பீடு. மனித உரிமை அமைப்புகள் பரிசுத் தொகைக்கு ஈடாக 44 கோடி டாலராவது ஒதுக்குங்கள் என்று ஃபிஃபாவிடம் கேட்டன. 2022 போட்டியோடு முடிந்த நான்கு ஆண்டில் ஃபிஃபா ஈட்டியது 750 கோடி டாலருக்கும் மேல். 2024 நவம்பரில் ஒருவழியாக 5 கோடி டாலர் நிதி ஒன்றை அறிவித்தார்கள். அது அகதிகள், சுகாதாரம், வணிகம் என்று உலக அமைப்புகளின் திட்டங்களுக்குப் போகிறது. பிளாஸ்டிக் உறையோடு வந்த பெண்ணுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 11 அன்று, 2034-ஐ சவுதிக்குக் கைதட்டிக் கொடுத்தார்கள். வேறு போட்டியாளரே இல்லை. நார்வே கால்பந்துச் சங்கம் எதிர்ப்பைப் பதிவு செய்தது, மற்றவர்கள் தட்டினார்கள். மனித உரிமையை மதிப்போம் என்பது ஃபிஃபாவின் சொந்த விதிகளிலேயே மூன்றாம் பிரிவாக எழுதியிருக்கிறது. அதுவும் ஒப்பந்தம்தானே? தொழிலாளியின் கையெழுத்தை மட்டும் ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேல் அக்கறை இல்லாவிட்டால் இத்தனை எழுத மாட்டேன்.

ரசிகன் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பாருங்கள். 2022 இறுதிப் போட்டியை நானும் பார்த்தேன், மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியபோது எனக்கும் கண் நிறைந்தது. டிவியை அணைப்பதாலோ போடுவதாலோ அந்தப் பெண்ணின் கடன் குறையாது.

சவுதி கொடுத்த விண்ணப்பத்தின்படி பதினோரு மைதானங்கள் புதிதாக எழும்ப வேண்டும். அவற்றைக் கட்டப் போகிறவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள். உங்கள் தொழிலுக்கு இதில் வேலை இருக்கிறது. போகிறவர் இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் குடும்பத்திடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். சாவு நேர்ந்தால், உடலை ஏற்றுவதற்கு முன்னால் காரணத்தை ஆராயச் சொல்லித் தூதரகத்துக்கு எழுதவும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் பதியவும் உதவலாம். அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் இதைச் சொல்ல யாரும் இல்லை. அவள் கணவரின் காகிதங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. அவளிடம் கேட்டுவிட்டு உங்களுக்கு அனுப்புகிறேன். இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா என்று படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.