பெண் லெமூர் சாது என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

கேள்வி: ஐந்து மாத வளையவால் லெமூர் (குரங்குக்கு உறவான மடகாஸ்கர் விலங்கு) குட்டி, பெண் என்று சொல்லி ஒரு புரோக்கர் வீடியோ அனுப்பியிருக்கிறார். ஆளைக் கண்டால் பூனை மாதிரி கத்துகிறது. முதுகைச் சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்கிறது. நிறுத்தினால் கையைக் காட்டிக் கேட்கிறது. ‘ஆண்தான் நாறும், முரடு. பெண் சாது. பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிந்தால் சட்டப்படி சரி’ என்கிறார். பத்து வயது மகள் விடாமல் கேட்கிறாள். ஒன்றை மட்டும் வளர்த்தால் எங்களோடு ஒட்டிக்கொள்ளுமா? - வாசகர், கோவை

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள்.

‘பெண் சாது’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இந்த விலங்கைத் தெரியாது, அல்லது தெரிந்தே புளுகுகிறார். மடகாஸ்கரின் தெற்கு, தென்மேற்குக் காடுகளில் பெரும்பாலும் பத்து, இருபது என்று கூட்டமாக வாழ்பவை இவை. கூட்டத்தில் பருவம் வந்த பெண் ஒவ்வொன்றும் பருவம் வந்த ஆண்கள் எல்லோருக்கும் மேல். ஆண் எடுத்த புளியங்காயைப் பெண் வந்து பிடுங்கும்; ஓர் அறை விடும்; ஆண் கீச்சிட்டு ஒதுங்கிவிடும். (அங்கேயும் புளியமரம்தான் இவற்றுக்கு முக்கிய உணவு.) பருவம் வந்த ஆண்கள் வேறு கூட்டம் தேடிப் போய்விடும். பெண் பிறந்த கூட்டத்திலேயே இருந்து மற்றப் பெண்களோடு மோதித் தன் இடத்தைப் பிடிக்கும். உங்கள் வீட்டில் வளர்ந்தால் உங்கள் வீடுதான் அதற்குக் கூட்டம். இரண்டு, மூன்று வயதில் அந்த மோதலைத் தொடங்கும்போது முதலில் யாரிடம் காட்டும்? வீட்டில் சின்ன ஆள் யாரோ அவரிடம். எடை இரண்டு கிலோ சொச்சம்தான். ஆனால் மேல் கோரைப்பல் கத்தி மாதிரி, பாய்ச்சல் முகத்துக்கு நேராக.

அந்தப் பூனைக் கத்தல்: காட்டில் கூட்டத்தை விட்டு விலகிய லெமூர் ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்று கூப்பிடும் குரல் அந்த வகையைச் சேர்ந்தது. யார் கூப்பிட்டாலும் எல்லோரும் பதில் சொல்வதில்லை. வழக்கமாக ஒன்றையொன்று கோதிக்கொள்ளும் நெருக்கமான ஜோடிகள்தான் அதிகம் பதில் கொடுக்கும். ஐந்து மாதக் குட்டி தாய்ப்பால் விடுகிற வயசு. அந்த வயதில் வீடியோவில் தனியாக நிற்கிறது என்றால் அதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்திருக்கிறார்கள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை, அதனால் கண்ணில் பட்ட மனிதரைக் கூப்பிடுகிறது.

சொறிந்தால் சொக்குவது உண்மைதான், மறுக்கவில்லை. கீழ்த்தாடையின் முன்பற்கள் ஆறும் சீப்பு மாதிரி முன்னே சாய்ந்திருக்கும். அதை வைத்துத்தான் ஒன்றையொன்று கோதும். ஒரு நாளில் பலமுறை, மாறி மாறி. இரவில் வாலைச் சுற்றிக்கொண்டு கட்டியாய் உறங்கும். நீங்கள் ஒன்பது மணிக்கு அலுவலகம் போனபின் அந்த வேலையை யார் செய்வது? சிறுவர்கள் முதுகு சொறிய, லெமூர் ‘இன்னும்’ என்று கை காட்டும் ஒரு வீடியோ 2016இல் உலகமெங்கும் சுற்றியது. அதிலிருந்து புரோக்கர்களுக்கு இது ரெடிமேட் விளம்பரம்.

இன்னும் இரண்டு வீடியோ அனுப்புவார் பாருங்கள். கைகளை விரித்து உட்கார்ந்திருப்பதைக் காட்டி ‘கும்பிடுகிறது’ என்பார். அது காலை வெயில் காய்வது. ஆண் லெமூர் வாலை ஆட்டுவதைக் காட்டி ‘வரவேற்கிறது’ என்பார். ஆணின் மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒரு சுரப்பி, அதன்மேல் நகம் போன்ற முள். தோள் பக்கம் இன்னொரு சுரப்பி. இரண்டின் கசிவையும் கலந்து வாலில் இழுத்துத் தேய்த்து, வாலைத் தலைக்கு மேல் தூக்கி எதிராளியை நோக்கி உதறும். நாற்றச் சண்டை அது. உங்களைப் பார்த்துச் செய்தால் சவாலுக்கு அழைக்கிறது என்று அர்த்தம். பெண்ணும் சும்மா இல்லை. முன்கைகளை ஊன்றித் தலைகீழாய் நின்று பின்பக்கச் சுரப்பியை மரத்தில் தேய்க்கும். உங்கள் வீட்டில் அது கதவு நிலை. ‘சுரப்பியை எடுத்துவிடலாம், பல்லைப் பிடுங்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

இனி பரிவேஷ். இதில்தான் நம்மாட்கள் ஏமாறுகிறார்கள். வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தம், 2024 விதிகள் இரண்டின்படி, சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கு கைக்கு வந்தால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவு என்பது ‘என்னிடம் இருக்கிறது’ என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு அது பதிலாகாது. லெமூர்கள் எல்லாமே சைட்டீஸ் முதல் பட்டியல். காட்டில் பிடித்ததை வைத்து வியாபாரமே கூடாது. ஒரே விதிவிலக்கு, பதிவு பெற்ற பண்ணையில் பிறந்தது. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் புரோக்கர் இதைத்தான் சொல்வார். வெளிநாட்டுப் பண்ணை என்றால் சைட்டீஸில் அந்தப் பண்ணையே பதிவாகியிருக்க வேண்டும், அந்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி வேண்டும், இந்தியாவில் இறக்குமதி உரிமமும் சுங்க ரசீதும் வேண்டும். இங்கேயே பிறந்தது என்றால் இனப்பெருக்கம் செய்தவரிடம் தலைமை வன உயிரினக் காப்பாளர் தந்த உரிமம் இருக்க வேண்டும். தாய், தகப்பன் எப்படி உள்ளே வந்தன என்பதற்கும் காகிதம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் விதிவிலக்கு இல்லை. வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து அறிவிக்கலாம் என்று 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் பழைய ரசீதைக் காட்டினால், அது வேறொருவர் வேறொரு விலங்குக்கு வாங்கியது. இந்தக் குட்டிக்கு வயசு ஐந்து மாதம்.

காகிதம் இல்லாமல் எங்கிருந்து வருகிறது? 2024 மே மாதம் தாய்லாந்தின் சும்போன் மாகாணத்தில், மடகாஸ்கரிலிருந்து கடத்திய 48 லெமூர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகளும் பிடிபட்டன. அந்தப் பாதைதான். நம் அமைப்போ இணையத்தில் படிவத்தை முதலில் வாங்கிக்கொள்கிறது, கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்கிறது. கேள்வி வருகிற நாளில் புரோக்கரின் எண் அணைந்திருக்கும், படிவத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

வீடியோ, எண், உரையாடல் எதையும் அழிக்காமல் மாவட்ட வன அலுவலருக்கோ சென்னையிலுள்ள வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்கோ கொடுங்கள். அட்வான்ஸ் ஏற்கெனவே போயிருந்தால் அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பணத்துக்கு ஈடாகக் குட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.