குன்னூர் பள்ளி மண்டையோடு: பழைய அட்டையைக் கிழிக்காதீர்கள்

வணக்கம். பள்ளி ஆய்வகத்தில் கிடைத்த கடல்பசு மண்டையோட்டின் பெயர் அட்டையில் 'ஹாலிகோர் டுகோங்' என்று இருக்கிறது, இப்போது அந்தப் பெயர் புழக்கத்திலேயே இல்லை, கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கிழிக்க வேண்டாம். ஹாலிகோர் 1811-இல் ஜெர்மன் விலங்கியலாளர் இல்லிகர் வைத்த பேரினப் (genus) பெயர். 1799-லேயே பிரெஞ்சு விலங்கியலாளர் லசெபேட் அதே பேரினத்துக்கு டுகோங் என்று வைத்துவிட்டதால் முந்தியதே நின்றது. இன்றைய பெயர் டுகோங் டுகோன். பாக் நீரிணை மீனவர்களின் ஆவுளியா, அதாவது கடல்பசு.

இந்த விலங்குக் கூட்டத்தை எங்கே சேர்ப்பது என்று அறிஞர்களே ரொம்ப நாள் தடுமாறினார்கள். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758-இல், கடல்பசுவின் உறவான மனாட்டியை யானை இருந்த வரிசையில் வைத்தார். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே திமிங்கிலங்களோடு சேர்த்தார். கடைசியில் யானை உறவுதான் உறுதியானது. நீங்கள் அனுப்பிய படத்தையே பாருங்கள்: மேல்தாடையின் முன்பகுதி கீழ்நோக்கி மடிந்திருக்கிறது, கடலடிப் புல்லை மேய்வதற்கு. நுனியில் இரண்டு குட்டித் தந்தங்கள்! அவை வெளியே தெரிவதால் பெரும்பாலும் வளர்ந்த ஆண்.

புதுப் பெயரைத் தனி அட்டையில் எழுதி, பழையதன் பக்கத்திலேயே வையுங்கள். பழைய அட்டையில் விலங்கு பிடிபட்ட ஊர், ஆண்டு ஏதாவது மங்கலாக இருந்தாலும் அதுதான் பொக்கிஷம்.

பூஞ்சைக்குத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர், வார்னிஷ் எதுவும் வேண்டாம். கையுறை போட்டு, மென்மையான தூரிகையால் உலர்வாகத் துடையுங்கள். நம் மலை ஈரத்துக்கு, மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அவசியம்.

அப்புறம், யாரோ விலைக்குக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள்.